பத்து வருடச் சராசரி

அத்தியாயம் 17

காலையில் குளியலறைக்குப் போன அன்புசெல்வி வெளியே வந்தபோது முகத்தைக்கூடத் துடைக்கவில்லை. நேராக அடுப்படிக்கு வந்து, பால் காய்ச்சிக்கொண்டிருந்த புருஷனிடம், "வந்துருச்சுங்க" என்றாள்.

மோகன்ராஜ் அடுப்பை அணைத்தான். எது வந்தது என்று அவன் கேட்கவில்லை. தீபாவளி முடிந்ததிலிருந்து அந்த வீட்டில் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது அது ஒன்றைத்தான்.

மற்ற பெண்களுக்கு மாதவிலக்கு வந்தால் இடுப்புவலியும் எரிச்சலும் வரும். அன்புசெல்விக்கு அவற்றோடு ஆஸ்பத்திரித் தேதியும் சேர்ந்து வரும். இரண்டாம் நாள் காலையில் முதல் ஊசி போட வேண்டும், அன்றைக்கே முன்பணமும் கட்ட வேண்டும் என்று கோயம்புத்தூர் டாக்டரம்மா சொல்லியிருந்தார். இரண்டாம் நாள் என்றால் நாளைக்கு.

தீபாவளிக்கு ஊருக்குப் போய், போன வார இதழைத் தவறவிட்டவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

மோகன்ராஜும் அன்புசெல்வியும் திருமுருகன்பூண்டியில் வாடகைக்கு இருப்பவர்கள். இருவருக்கும் ஒரே பனியன் கம்பெனியில் வேலை. அவன் மெர்ச்சன்டைசர், அதாவது வெளிநாட்டு பையர் ஆர்டர் கொடுத்ததிலிருந்து சரக்கு கன்டெய்னரில் ஏறும் வரைக்கும் அவன் தலைதான் உருளும். அவள் செக்கிங் இன்சார்ஜ், தைத்து வந்த பீஸில் குறை பார்க்கிற பெண்களுக்குப் பொறுப்பு. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் குழந்தை இல்லை. இந்த வருடம் சிகிச்சையில் ஒன்று தங்கியது. ஆனி மாதம் அது கலைந்தும் போனது. அன்புசெல்விக்கு முப்பத்தொன்பது நடக்கிறது. கருமுட்டை வேகமாகக் குறைந்துகொண்டு வருகிறது, இந்த வருடத்துக்குள் இன்னும் ஒரு முறை பார்க்கலாம், அதற்கு மேல் உங்களிடம் காசு வாங்க எனக்கு மனசு வராது என்று டாக்டரம்மா ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

அந்த ஒரு முறைக்காக மோகன்ராஜின் அம்மா மாரக்காள் கணியூரில் இருந்த மனையை விற்றுக் கொடுத்தாள். மனையில் பாதி தங்கை அபிராமிக்குச் சேர வேண்டியது. அண்ணிக்கு ஒரு குழந்தை பிறக்கட்டும் என்று அவள் மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போட்டாள்.

மனை விற்ற பணத்தை மோகன்ராஜ் ஷேரில் போட்டுவிட்டான். இது அன்புசெல்விக்குத் தீபாவளிக்கு மறுநாள்தான் தெரிந்தது. மாரக்காளுக்கு இன்னும் தெரியாது.

அவனைச் சூதாடி என்று திட்டிவிடாதீர்கள். சூதாடியாக இருந்தால் எனக்கும் இந்தக் கதை சுலபமாகப் போயிருக்கும். யாரோ வாட்ஸ்அப்பில் சொன்னார்கள் என்று எதையும் வாங்குகிற ஆள் அல்ல அவன். படித்துப் பார்த்து, கணக்குப் போட்டு, ஒரு வழிமுறை வைத்துக்கொண்டு வாங்கினான். அந்த முறையைச் சொன்னால்தான் அவன் கெட்ட விதம் உங்களுக்குப் புரியும்.

பி.இ என்று ஒன்று இருக்கிறது. ஒரு கம்பெனி ஒரு பங்குக்கு வருடம் பத்து ரூபாய் லாபம் சம்பாதிக்கிறது, அந்தப் பங்கு சந்தையில் நூற்றுப் பத்து ரூபாய்க்குப் போகிறது என்றால் அதன் பி.இ பதினொன்று. ஒரு ரூபாய் லாபத்துக்கு ஜனங்கள் பதினொரு ரூபாய் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு துறையில் இருக்கிற கம்பெனிகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் அந்தத் துறைக்கு ஒரு பி.இ கிடைக்கும். மோகன்ராஜ் பேங்க், மருந்து, சிமென்ட், கார் என்று ஒவ்வொரு துறைக்கும் பத்து வருடத்து பி.இ.யைத் தேடி எடுத்தான். அதற்குச் சராசரி போட்டான். இன்றைய பி.இ சராசரிக்கு மேலே இருந்தால் அந்தத் துறை விலை அதிகம், கீழே இருந்தால் மலிவு. மலிவாக இருப்பது ஒரு நாள் சராசரிக்கு வந்தே தீரும் என்பது அவன் நம்பிக்கை.

ஆவணி மாதம் அவன் பார்த்தபோது மற்றவையெல்லாம் சராசரிக்கு மேலே இருந்தன. ஜவுளி மட்டும் தரையில் கிடந்தது. பத்து வருடச் சராசரி இருபது, அன்றைக்குப் பதினொன்று. அமெரிக்காக்காரன் வரி போடப் போகிறான் என்ற பயத்தில் விலை இறங்கியிருந்தது, லாபமோ எப்போதும் இல்லாத அளவுக்கு ஏறியிருந்தது. அவனுக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. தான் பிறந்ததிலிருந்து மூச்சு விடுகிற தொழில் பாதி விலைக்குக் கிடைக்கிறது, அதைத் திருப்பூர்க்காரன் வாங்காமல் பம்பாய்க்காரனா வாங்குவான் என்று நினைத்தான். நாலைந்து ஜவுளிப் பங்குகள் வாங்கினான். அதிலும் பெரும்பகுதியை ஒரே கம்பெனியில் போட்டான். அந்தப் பெரிய கம்பெனிக்குத்தான் இவனுடைய கம்பெனி ஜாப் வொர்க் செய்கிறது, அதாவது கூலிக்குத் தைத்துக் கொடுக்கிறது. கன்டெய்னர் கன்டெய்னராகச் சரக்கு போவதைக் கண்ணால் பார்த்தவன்.

சராசரிக்கு வந்ததும் விற்று, ஆஸ்பத்திரிக்கும் கட்டி, அம்மாவுக்கு அதே கணியூரில் வேறு மனையும் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று இருந்தான். அந்த ஆசையைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வரி வந்தது. அந்தப் பெரிய கம்பெனியின் பங்கை அவன் வாங்கியது நூற்றுப் பத்துக்கு, அது எழுபது ஆனது. அவன் விற்கவில்லை. மலிவாக வாங்கியது இன்னும் மலிவாகியிருக்கிறது, பயந்தவன்தான் நஷ்டப்படுவான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

இன்றைக்கு அந்தக் கம்பெனியின் காலாண்டு ரிசல்ட் வருகிறது.

அடுப்படியில் இருவரும் நின்றுகொண்டே பேசினார்கள். ரிசல்ட் மத்தியானம் வந்துவிடும், நன்றாக வந்தால் விலை ஒரே தாவலில் ஏறும், அப்போது விற்றுவிடுகிறேன் என்றான் அவன். அவள் பால் பாத்திரத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டாள். இரவெல்லாம் அவளும் யோசித்து வைத்திருந்தாள்.

"மத்தியானம் வரைக்கும் எதுக்குங்க? ஒம்பதேகாலுக்கு மார்க்கெட் தொறந்ததும் இருக்கற வெலைக்கு வித்துருங்க. கொறையறதுக்கு என்ற சங்கிலிய அடகு வெச்சுக்கலாம். நாளைக்குக் கட்டறதுக்கு அது போதுமுங்க."

அது போதும்தான். மோகன்ராஜும் அதைக் கணக்குப் பார்த்திருந்தான். ஆனால் எழுபதுக்கு விற்றால் அம்மாவின் மனை போனது போனதுதான். இத்தனை நாள் பொறுத்துவிட்டு ரிசல்ட் வருகிற அன்றைக்குக் காலையில் விற்பவன் முட்டாள் என்று அவனுக்குத் தோன்றியது.

"ஒரே ஒரு மத்தியானம் பொறு கண்ணு" என்றான். "பத்து வருச சராசரி பொய் சொல்லாது."

அவள் பொறுத்தாள். தாலி கட்டிய நாளிலிருந்து பொறுத்துப் பழகியவளுக்கு ஒரு மத்தியானம் பெரிதாகத் தெரியவில்லை.

கம்பெனியில் அன்று பாதி விளக்குதான் எரிந்தது. தீபாவளிக்கு ஊருக்குப் போன ஒடிசாப் பெண்களும் பீகார்க்காரர்களும் இன்னும் திரும்பவில்லை. வாருங்கள் என்று அவர்களுக்குப் போன் செய்யவும் யாருக்கும் தைரியம் இல்லை, வந்தால் கொடுக்க வேலை வேண்டுமே. தையல் லைன் இரண்டுதான் ஓடியது. செக்கிங் மேஜைகளில் பாதிக்குத் துணி போர்த்தி வைத்திருந்தார்கள். மிச்சம் இருந்த பெண்கள், வழக்கமாக அரை நாளில் முடிகிற பீஸ்களை நாள் முழுக்க வரும்படி மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்புசெல்வி அதைக் கண்டும் காணாத மாதிரி இருந்தாள்.

புரொடக்‌ஷன் மேனேஜர் லிங்கசாமி வந்து அவளைத் தனியாகக் கூப்பிட்டார். அடுத்த வாரத்திலிருந்து செக்கிங்குக்கு வாரம் மூன்று நாள்தான் வேலை, பெண்களிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்றார். இன்சார்ஜுக்கும் அதே மூன்று நாள்தானா என்று அவள் கேட்டாள். அவர் துணி போர்த்திய மேஜைகளைப் பார்த்தபடி ஆமாம் என்றார்.

உச்சிவேளையில் மாரக்காளிடமிருந்து போன் வந்தது. காலையில் செய்தி சொன்னதும் கிளம்பியவள் பஸ்ஸில் இருந்தாள், இரைச்சலில் கத்திப் பேசினாள். கிளம்புவதற்கு முன்னால் கருப்பராயன் கோயிலில் பூ கேட்டாளாம். வெள்ளை அரளியைத் தனியாகவும் சிவப்பு அரளியைத் தனியாகவும் இலையில் பொட்டலம் கட்டிச் சாமி காலடியில் போட்டு, ஒன்றை எடுத்துப் பார்ப்பது அவர்கள் ஊர் வழக்கம். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம்.

"வெள்ளப்பூ குடுத்துருச்சு கண்ணு" என்றாள் மாரக்காள். "இந்தத் தடவ தங்கிரும். நான் பொழுதோட ஊட்டுக்கு வந்தர்றேன்."

அன்புசெல்வி சரிங்கத்தை என்று சொல்லிப் போனை வைத்தாள். அவளுக்குச் சாமி மேல் அவ்வளவு நம்பிக்கை என்று சொல்ல முடியாது. இருந்தாலும் வெள்ளைப்பூ என்று கேட்டதும் கையிலிருந்த பீஸை அப்படியே வைத்துவிட்டாள். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு மாடியில் மெர்ச்சன்டைசர் அறைக்கு ஏறினாள். ரிசல்ட் வந்திருக்கும்.

அறையில் மோகன்ராஜ் மட்டும் இருந்தான். கம்ப்யூட்டரைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என்ன ஆயிற்று என்று கேட்டாள். அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். அவன் போட்டு வைத்திருந்த கோடு அதில் இருந்தது. பத்து வருடச் சராசரிக்குப் பச்சைக் கோடு, கம்பெனியின் பி.இ.க்குச் சிவப்புக் கோடு. இத்தனை நாளும் பச்சைக்குக் கீழே படுத்துக் கிடந்த சிவப்பு, கடைசியில் செங்குத்தாக எழுந்து முப்பத்தைந்தில் நின்றது.

அன்புசெல்விக்கு ஒரு கணம் சந்தோஷமாகிவிட்டது. இருபதுக்கு வந்தால் போதும் என்றவனுக்கு முப்பத்தைந்துக்கு வந்திருக்கிறதே. விலை ஏறிவிட்டதா என்று கேட்டாள்.

இறங்கிவிட்டது என்றான் அவன்.

விலை இறங்கினால் இது எப்படி ஏறும் என்று கேட்டாள். அவன் வாய்க்குள்ளேயே பேசினான், அவள் குனிந்து கேட்க வேண்டியிருந்தது. கம்பெனிக்கு இந்தக் காலாண்டில் நஷ்டம். வருடத்துக்குப் பத்து ரூபாயாக இருந்த லாபம் இரண்டு ரூபாயாகிவிட்டது. காலையில் இருந்த எழுபது ரூபாயை இரண்டால் வகுத்தால் முப்பத்தைந்து. விலை உயர்ந்தால்தான் பி.இ சராசரிக்கு வரும் என்று நான் உட்கார்ந்திருந்தேன், லாபம் செத்தாலும் அது வரும் என்று யோசிக்கவில்லை என்றான்.

அன்புசெல்வி பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவள் அல்ல, பி.காம் முடித்தவள். கணக்கு அவளுக்கு உடனே புரிந்தது. புரிந்ததும் அடுத்த கேள்வியும் வந்தது. ஆவணியில் நீங்கள் பார்க்கும்போது அந்தப் பத்து ரூபாய் லாபம் எங்கிருந்து வந்தது என்று கேட்டாள்.

அவன் பழைய ரிசல்ட்டை எடுத்தான். சித்திரை முதல் ஆனி வரைக்குமான காலாண்டில்தான் லாபம் குதித்திருந்தது. மற்ற மூன்றும் வழக்கம்போலத்தான்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அந்த மாதங்களில் என்ன நடந்தது என்று திருப்பூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வரி ஏறுவதற்கு முன்னால் சரக்கைக் கப்பலில் ஏற்றிவிடுங்கள் என்று பையர்கள் துரத்தினார்கள். பன்னிரண்டு மணி நேர ஒன்றரை ஷிப்ட், பதினாறு மணி நேர இரண்டு ஷிப்ட் ஆனது. ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்று இல்லாமல் போனது. டீக்கடைகள் விடிய விடியத் திறந்திருந்தன. ஊரே சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் இந்த ஊரில் தொழில் எப்படி என்று விசாரிப்பவர்கள் ஓவர்டைம் ஓடுகிறதா என்றுதான் கேட்பார்கள். ஓவர்டைம் ஓடினால் நல்ல காலம். யாரும் அதற்கு மேல் கேள்வி கேட்டதில்லை.

ஆனால் அது புதிதாக வந்த வேலை அல்ல. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் தைக்க வேண்டியதை முன்கூட்டியே தைத்து அனுப்பிவிட்டார்கள், அவ்வளவுதான். மோகன்ராஜுக்கு இது தெரியாததா? அடுத்த சீசன் ஆர்டரை இழுத்து ஷிப்மென்ட் பிளான் போட்டவனே அவன்தான். ஒரு கையால் அந்தப் பிளானைப் போட்டான். இன்னொரு கையால் பி.இ கணக்குப் போட்டான். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. வெளியூர்க்காரனாக இருந்திருந்தால் இந்த லாபம் ஏன் திடீரென்று இப்படிக் குதிக்கிறது என்று சந்தேகப்பட்டிருப்பான். இவன் ஓவர்டைமைக் கண்ணால் பார்த்ததால் நம்பிவிட்டான்.

"அப்ப வந்த லாபம் வருசத்து லாபமில்லைங்க" என்றாள் அன்புசெல்வி. "அது நம்ம ஓவர்டைம்."

ஆமாம் என்று அவன் தலையை ஆட்டினான்.

"அந்த ஓவர்டைம்லதானுங்க நமக்குக் கலைஞ்சுது."

மோகன்ராஜ் திரையை அணைத்தான்.

அந்த நாட்களை அவள் எப்போதும் பேசியதில்லை. வயிற்றில் இருப்பது கம்பெனியில் யாருக்கும் தெரியாது, மூன்று மாதம் தாண்டட்டும் என்று வைத்திருந்தார்கள். பெரிய கம்பெனிக்குப் போகிற சரக்கு செக்கிங்கில் தேங்கி நின்றபோது, நீ இருந்தால்தான் நகரும், இன்றைக்கு மட்டும் இருந்துகொடு என்று அவளைக் கேட்டவன் மோகன்ராஜ். இன்றைக்கு மட்டும் என்று பல நாள் கேட்டான். அவளும் நின்றாள். கால் இரண்டும் உரல் மாதிரி வீங்கின. டாக்டரம்மா பிறகு, அதனால்தான் என்று சொல்ல முடியாது, தானாகவும் கலையும் என்று ஆறுதல் சொன்னார். அன்புசெல்வி அந்த ஆறுதலை வாங்கி வைத்துக்கொண்டாள், நம்பியதில்லை.

"நீங்க மலிவா இருக்குதுன்னு வாங்குனீங்கல்லங்க" என்றாள். "அந்தப் பத்து ரூவாயில நம்ம புள்ளையும் இருந்துச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவன் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பான். துணியில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தையல்காரரிடம் காட்டுகிற குரலில் சொன்னாள். பிறகு, இருக்கிற விலைக்கு இப்போதே விற்றுவிடுங்கள் என்றாள்.

அவன் போனை எடுத்தான். விற்கிறேன் என்று போட்டான். திரும்பத் திரும்பப் பார்த்தான். எதுவும் நகரவில்லை. ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் விலை இறங்கக் கூடாது என்று சந்தையில் ஒரு தடுப்பு உண்டு, லோயர் சர்க்யூட் என்பார்கள். ரிசல்ட் வந்த வேகத்தில் பங்கு அந்தத் தடுப்பில் போய் முட்டி நின்றிருந்தது. விற்க வந்தவர்கள் தேர்த்திருவிழாக் கூட்டம் மாதிரி நின்றார்கள், வாங்க ஒருவன் இல்லை. நாளைக்கும் இப்படித்தான் இருக்கும், நாளன்றைக்கும் இருக்கலாம் என்றான் மோகன்ராஜ். காலையில் எழுபதுக்கு வாங்க ஆள் இருந்தது. அதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

மற்ற நாலு பங்குகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளினான். வந்ததையும் சங்கிலியையும் சேர்த்தாலும் ஆஸ்பத்திரி முன்பணத்தில் பாதிகூடத் தேறாது.

சந்தை மூடிய பிறகு அன்புசெல்வி மாடிப்படியில் நின்று கோயம்புத்தூருக்குப் போன் செய்தாள். பணத்தைப் பிறகு கட்டினால் ஆகுமா என்று கேட்டாள். எடுத்த நர்ஸ் மரியாதையான பெண். முன்பணம் இல்லாமல் மருந்து எடுக்க முடியாது மேடம், அடுத்த மாசம் பார்த்துக்கொள்ளலாமே என்றாள். அடுத்த மாதம் எதை வைத்துப் பார்ப்பது? நாளுக்கு நாள் இறங்கப்போகிற பங்கை வைத்தா, வாரம் மூன்று நாள் வேலையை வைத்தா? அன்புசெல்வி சரிங்க சிஸ்டர் என்று சொல்லி வைத்துவிட்டாள். அங்கேயே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள். கீழே டீ பெல் அடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வாரச் செய்தியைத் தன் பெண்களிடம் பக்குவமாகச் சொல்லப் போனாள்.

சாயங்காலம் இருவரும் ஸ்கூட்டரில் திரும்பினார்கள். பூண்டியில் சிற்பக்கூடங்களைத் தாண்டும்போது வழக்கமான உளிச்சத்தத்துக்கு நடுவில் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அத்தைகிட்ட நீங்களே சொல்லிருங்க. என்ன நடந்துச்சோ அப்பிடியே சொல்லிருங்க. நான் சொன்னா நல்லா இருக்காது."

சொல்லிவிடுகிறேன் என்றான். உண்மையாகவே சொல்லிவிட வேண்டும் என்றுதான் அப்போது நினைத்தான். அதை நான் நம்புகிறேன்.

வீட்டில் மாரக்காள் பக்கத்து வீட்டில் சாவி வாங்கித் திறந்து, வாசல் தெளித்து, உலையும் வைத்துவிட்டிருந்தாள். நாட்டுக்கோழி முட்டைகளை உமிக்குள் பொதித்துத் தூக்கில் கொண்டுவந்திருந்தாள். முருங்கைக்கீரையை உருவிப் போட்டிருந்தாள். சாமி படத்துக்கு முன்னால் இலையோடு வெள்ளை அரளி இருந்தது. மூலையில் அவளுடைய துணிப்பை. ஊசி போடுகிற நாளெல்லாம் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறேன், நீ ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று மருமகளிடம் சொன்னாள். அன்புசெல்வி தலையை ஆட்டிவிட்டு அடுப்படிக்குள் போனாள். அங்கிருந்து கூடம் தெரியும்.

மாரக்காள் மகனுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். காலையில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், கார் சொல்லிவிட்டாயா, பஸ்ஸில் குலுங்கக் கூடாதே என்று வரிசையாகக் கேட்டாள்.

மோகன்ராஜ் மோர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். அடுப்படியில் அன்புசெல்வி கீரையைக் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குப் போகலைம்மா."

"ஏஞ்சாமி?"

அவன் அம்மாவைப் பார்த்தான். பூ கேட்டுவிட்டுப் பஸ் மாறி மாறி வந்த களைப்பு அந்த முகத்தில் இருந்தது. நான் உன் மனையைத் தொலைத்துவிட்டேன் என்று அந்த முகத்திடம் சொல்ல வேண்டும்.

"டாக்டரம்மாவே வேண்டாம்னுட்டாங்க" என்றான். "அன்புக்கு ஒடம்பு தாங்காதாம்மா. இனிமே அவளுக்குத் தங்காதுன்னுட்டாங்க."

அடப்பாவி என்று உங்களுக்குத் தோன்றினால், எழுதுகிற எனக்கும் அதேதான் தோன்றியது. பாவி மனுஷன் கெட்டவன் அல்ல. கோழை. ஒரு வீட்டில் கெட்டவனைவிடக் கோழையால்தான் பெண்களுக்குச் சேதம் அதிகம்.

மாரக்காள் கையை ஊன்றி எழுந்து அடுப்படிக்கு வந்தாள். கீரைத் தண்ணீர் சொட்டுகிற கையோடு நின்ற மருமகளைப் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"உன்ற மேல ஒரு குத்தமும் இல்ல கண்ணு. ஒடம்புக்கு நாம என்ன பண்றது? ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. யாராச்சும் உன்ன ஒரு சொல் சொன்னா நான் சும்மா உட மாட்டேன்."

மருமகளின் முதுகைத் தடவித் தடவி அழுதாள். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கிடைப்பது எப்படி இருக்கும் என்று அன்புசெல்விக்கு அன்றைக்குத் தெரிந்தது. மாமியாரின் தோளுக்கு மேலாகப் புருஷனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அத்தை, பொய் என்று இரண்டு சொல் சொன்னால் போதும். வாய்வரைக்கும் வந்தது. அழுகிற அந்த உடம்பின் நடுக்கம் தன் மேல் பட்டதால் விழுங்கிவிட்டாள்.

மாரக்காள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மிச்சக் கீரையைத் தானே கழுவி வைத்தாள். பிறகு கூடத்துப் பக்கம் திரும்பி மகனிடம் கேட்டாள்.

"அப்ப அந்த மனைப் பணம் அப்பிடியே இருக்குதில்ல சாமி?"

மோகன்ராஜ் நிமிர்ந்தான். இதை அவன் எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்கிறவனுக்கு முதல் படிதான் தெரியும், அடுத்த படி காலில் இடறினால்தான் தெரியும்.

"இருக்குதும்மா" என்றான். "பத்தரமா இருக்குது."

மாரக்காளுக்கு அந்த ஒன்றிலாவது மனசு ஆறியது. அபிராமியின் புருஷனுக்குத் தறி நின்று போய் மாதக்கணக்காகிறது, அவள் யாரிடமும் சொல்லாமல் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஓட்டுகிறாள் என்றாள். அண்ணிக்குக் குழந்தை பிறக்கட்டும் என்றுதானே அவள் தன் பங்கை விட்டுக்கொடுத்தாள், அதுதான் இல்லை என்று ஆகிவிட்டதே, இனி அவளுடையதை நாம் வைத்திருப்பது தர்மம் இல்லை என்றாள்.

"திங்கக்கெழம பேங்குக்குப் போயி அவ பங்க எடுத்துக் குடுத்தரலாம். மீதி உங்க ரெண்டு பேருக்கும் வயசான காலத்துக்கு ஆகும். இப்பவே அவளுக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லீர்றேன், இன்னிக்கு ராத்திரியாச்சும் நிம்மதியாத் தூங்குவா. ஏங்கண்ணு அன்பு, நான் சொல்றது செரிதான?"

மோகன்ராஜ் மனைவியைப் பார்த்தான். இந்தப் பத்துப் பதினைந்து வருடத்தில் அவன் மாட்டிக்கொண்ட போதெல்லாம் ஏதாவது ஒன்றைச் சொல்லி அவனை வெளியே எடுத்துவிட்டவள் அவள்தான். அம்மாவிடம், கம்பெனியில், சொந்தக்காரர்களிடம். இப்போதும் எடுத்துவிடுவாள் என்று அவன் கண் கெஞ்சியது. எடுத்துவிட வழியும் இருந்தது, பணம் டெபாசிட்டில் இருக்கிறது, உடனே எடுக்க முடியாது என்று சொன்னால் போதும்.

அன்புசெல்வி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"செரிதானுங்கத்தை" என்றாள்.

மாரக்காளுக்குப் போனில் பெயர் தேடத் தெரியாது. அன்புசெல்வி அதை வாங்கி, அபிராமியின் நம்பரைத் தேடி அழுத்தி, மணி அடிக்கிற சத்தம் கேட்டதும் மாமியாரின் கையில் கொடுத்தாள்.